எந்தக் காய் என்று சொல்லாத கோவிந்தப்பா

என் அக்காவின் பெயர் எலிசபெத். எல்லோருக்கும் பெட்டி. கோலார் தங்கவயல் பள்ளிக்கூடத்தில் அவளை டிரங்குப் பெட்டி என்று கூப்பிட்டு அடி வாங்காத பையன்கள் குறைவு. சுரங்கம் மூடிய பிறகு நாங்கள் இருவரும் பெங்களூருக்கு வந்து நீலசந்திராவில் ஒரு மாடி வீட்டில் குடியேறினோம். இருவருக்குமே கல்யாணம் அமையவில்லை. நான் ஓர் அச்சகத்தில் பிழை திருத்தும் வேலைக்குப் போனேன். அக்கா வீட்டைப் பார்த்துக்கொண்டாள்.

தங்கவயலில் கன்னடம் இல்லாமலே ஓர் ஆயுளை ஓட்டிவிடலாம். அக்கா பாதி ஆயுளை அப்படித்தான் ஓட்டியிருந்தாள். இங்கே வந்தபின் அவளுக்கு வாத்தியாராக வாய்த்தவர் கோவிந்தப்பா. மத்தியானத்தில் ஒரு கன்னட சேனலில் சமையல் செய்து காட்டுகிறவர். டிவி முன்னறையில் இருந்தது. அடுப்பு சுவருக்கு அந்தப்பக்கம். அதனால் அக்கா அவரைப் பார்த்துச் சமைத்ததே இல்லை. சத்தத்தைக் கூட்டி வைத்துவிட்டு, காதால் கேட்டே சமைத்தாள். நான் வேலை முடிந்து வரும்போது மூடி வைத்த பாத்திரமும் அவரைப் பற்றிய பேச்சும் தயாராக இருக்கும்.

“இன்னைக்கு இன்னா சொன்னாரு உன் ஆளு?”

“கிண்டல் பண்ணாத டீ. அவரு இல்லன்னா நீ இன்னும் மொளகுத்தண்ணியே குடிச்சினு இருப்ப. நல்ல மனுசன். ஒரே ஒரு கொறைதான். காய் போடு, காய் போடுன்றாரு, எந்தக் காய்னு மட்டும் வாயத் தொறக்க மாட்டாரு. நானே ரோசனை பண்ணிப் போட வேண்டியதா இருக்குது.”

நான் பேப்பரைப் புரட்டிக்கொண்டே ‘ம்’ கொட்டுவேன்.

அவரிடம் அவள் கற்றதில் எனக்கு உயிர் பஸ்ஸாறு. கீரையையும் பருப்பையும் வேகவைத்து, அந்தத் தண்ணீரை வடித்து, மசாலா அரைத்து விட்டு வைக்கிற சாறு. களியோடு சாப்பிட வேண்டும். அக்கா வைப்பது நீர்க்க இருக்கும். காரத்துக்குப் பின்னால் லேசாக ஓர் இனிப்பு வரும், சுட்ட வாசனையோடு. அது எதிலிருந்து வருகிறது என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்கத் தோன்றவும் இல்லை, நாளைக்கும் அவள் வைக்கப்போகிறாள் என்றிருந்தபோது.

போன மழைக்காலத்தில் ஒரு காலை அவள் எழுந்திருக்கவில்லை.

அதன் பிறகு கொஞ்ச காலம் பன்னும் காப்பியுமாக ஓடியது. பிறகு அந்தச் சாறு வேண்டும் போலிருந்தது. வேண்டும் என்பதைவிட, பயம் என்று சொல்லலாம். அவள் குரல் நினைவிருந்தது. முகத்துக்குப் படம் இருந்தது. ருசிக்கு மட்டும் என் நாக்கைத் தவிர வேறு இடமில்லை. நாக்கு மறந்துகொண்டிருந்தது.

கீழ் வீட்டுக் காந்தா, மண்டியா பக்கத்துப் பெண், என் போனில் கோவிந்தப்பாவின் பழைய பஸ்ஸாறு நிகழ்ச்சியைத் தேடி எடுத்துக் கொடுத்தாள். அவர் வேகத்துக்கு என் கன்னடம் ஈடுகொடுக்காது. சத்தத்தை நிறுத்திவிட்டு அவர் கையை மட்டும் பார்த்தேன். வெங்காயம், பூண்டு, மிளகாய், தேங்காய்த் துருவல் எல்லாம் வறுத்து அரைத்தேன். சாறு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அது இல்லை. மிளகாயைக் குறைத்துப் பார்த்தேன். கீரையை மாற்றினேன். புளியை மாற்றினேன். ஒவ்வொரு முறையும் புது ருசி பழைய ருசியின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. இன்னும் ரெண்டு தடவை இப்படிச் செய்தால் அவளுடையது முழுசாக அழிந்துவிடும் என்று தோன்றியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மிஞ்சியதைக் கிண்ணத்தில் ஊற்றிக் காந்தாவிடம் கொண்டுபோனேன். அவள் உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்தாள்.

“ஐயோ கிரேஸ் அக்கா! அப்படியே எங்கம்மா கை! எப்ப கத்துக்கினீங்க?”

எனக்கு அழுகை வந்துவிட்டது. “அவ வெச்ச மாதிரி இல்லியே, காந்தா.”

“அதெப்படி இருக்கும்? பெட்டி அக்கா சாறுல காயியே இருக்காதில்லா.”

“கீரைச் சாறுல காய் எதுக்கு?”

“காயி இல்லாம பஸ்ஸாறா? நீங்க போட்டிருக்கீங்களே.”

“நான் எங்க காய் போட்டேன்? கீரை, பருப்பு, தேங்கா...”

“அதான் அக்கா, காயி!” காந்தா காற்றில் ஒரு மூடியைப் பிடித்துத் துருவிக் காட்டினாள். “நாங்க தேங்காவைத்தான் காயின்னு சொல்லுவோம்.”

நான் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். கோவிந்தப்பா எந்தக் காய் என்று சொல்வதே இல்லை என்று அக்கா குறைப்பட்டதை அவளிடம் சொன்னேன். காந்தா வாயைப் பொத்திக்கொண்டாள்.

“அய்யோ தேவரே! நான் ஒரு நாள் மேல வந்தப்ப சௌசௌவைச் சுட்டுத் தோல் உரிச்சுக்கினு இருந்தாங்க. எதுக்குன்னு கேட்டா, ‘மசாலாவுக்கு, உங்க கோவிந்தப்பா சொன்னது, உனக்கென்ன தெரியும்’னு என்னையே அதட்டினாங்க. நானும் அவர் ஏதோ புதுசா சொல்லியிருப்பாருன்னு விட்டுட்டேன்!”

இருவரும் சிரித்தோம். மூச்சு வாங்கச் சிரித்தோம். தெருவில் போன தள்ளுவண்டிக்காரர் நின்று பார்த்துவிட்டுப் போனார்.

மறுநாள் ஒரு சௌசௌ வாங்கி வந்தேன். தணலில் கறுக்கச் சுட்டு, தோலுரித்து, வெங்காயம் பூண்டோடு வதக்கி அரைத்தேன். தேங்காய் போடவில்லை. கொதி வந்தபோது வாசனையிலேயே தெரிந்துவிட்டது. களி கிண்டி, தட்டில் வைத்து, சாற்றை ஊற்றி ஒரு வாய் எடுத்தேன். அதேதான். நீர்க்க, காரமாக, பின்னால் அந்த இனிப்பு.

“அக்கா, காயின்னா தேங்கா டீ” என்றேன். உயிரோடு இருந்தபோது அவளை ‘டீ’ போட்டுக் கூப்பிட்டதில்லை.

அவள் என்ன சொல்லுவாள் என்று எனக்குத் தெரியும். ‘அப்ப தேங்கான்னு சொல்றதுக்கு அந்த ஆளுக்கு இன்னா கேடு?’ என்பாள். அவர் மேல்தான் தப்பென்று சாதிப்பாள். நான், ‘இத்தனை வருசமா ஊரே தேங்கா அரைக்க, நீ சௌசௌ அரைச்சிருக்க’ என்பேன். அதற்கும் ஏதாவது சொல்லுவாள். நான் எதிர்பார்க்காத ஒன்றாக இருக்கும். எப்போதுமே அப்படித்தான், கடைசி வார்த்தை அவளுடையது.

கையைத் தட்டிலேயே வைத்துக்கொண்டு யோசித்தேன். அந்தக் கடைசி வார்த்தை மட்டும் எனக்குக் கிடைக்கவில்லை. களி ஆறிப்போனது. சாற்றை இன்னும் கொஞ்சம் ஊற்றிக்கொண்டு சாப்பிட்டு முடித்தேன்.