கனவில் சுடுசோறு

சமயநல்லூர் பக்கம் ஒரு பி.எட். கல்லூரியில், மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் வரும் கல்வி உளவியல் வகுப்பில் தூங்காமல் இருப்பவள் நாகஜோதி ஒருத்திதான். முப்பத்தொரு வயசு. ஆடியில் புருஷன் அசோக்குமார் செத்தபின், ஒரு வேலைக்காவது ஆகட்டும் என்று வந்து சேர்ந்தவள். ஐப்பசி பிறந்தும் அவளுக்குக் கண்ணீர் வந்தபாடில்லை. அவள் குடியிருக்கும் செல்லூர்த் தெருவே அவளைக் கல்நெஞ்சுக்காரி என்று பேசி முடித்துவிட்டது. பேசினால் பேசட்டும், அவளுக்கே தன் மனசு மரத்துப்போன கால் மாதிரித்தான் இருந்தது.

அன்றைக்கு உக்கிரபாண்டி சார், கனவு என்பது உள்ளே அமுக்கி வைத்த ஆசையின் நிறைவேற்றம் என்று போர்டில் எழுதினார். எழுதிவிட்டுக் கையைத் தட்டிச் சாக்பீஸ் தூசியை உதறினார். அவருக்கென்ன, உதறினால் போயிற்று. நாகஜோதிக்குச் சுருக்கென்றது. எழுந்து கேட்டாள்.

"எல்லாக் கனவும் ஆசைதானா சார்?"

"எல்லாந்தாம்மா. கெட்ட கனவுகூட."

கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து, மூன்று வருஷம் கட்டிலோடு கிடந்தவன் அசோக்குமார். போக்கிடம் இல்லாதவனுக்கு அவள் கனவுதான் சினிமா. விடிந்ததும் என்ன கனவு என்று கேட்பான். வராத நாளில் அவளே ஒன்றை இட்டுக்கட்டிச் சொல்வாள். அவன் சாவதற்கு நாலு நாள் முந்தி நிஜமாகவே ஒன்று வந்தது. கட்டிலைக் கழுவிச் சுவரில் சாத்தியிருக்கிறது. வீட்டில் அவன் இல்லை. அவள் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஆவி பறக்கச் சோறு தின்கிறாள், அவசரமே இல்லாமல்.

"தூக்கத்துல வாயை மென்னுக்கிட்டே இருந்த. என்ன சாப்ட்ட?" என்று காலையில் கேட்டான்.

கறிச்சோறு என்றாள்.

"நானும் இருந்தேனா?"

"இருந்தீக."

அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. இப்போது, நீ ஆசைப்பட்டுத்தான் அவன் போனான் என்று போர்டே சொல்கிறது.

மறுநாள் சார் வேறு இரண்டு கொள்கைகளை நடத்தினார். வாழ்க்கையில் விடுபட்டதைக் கனவு ஈடுகட்டும் என்றது ஒன்று. தூங்கும் மூளை கையில் கிடைத்ததைக் கோத்துப் போடும், அர்த்தமே கிடையாது என்றது இன்னொன்று. எது சார் உண்மை என்று கேட்டாள். பரீட்சைக்கு மூன்றையும் எழுதச் சொன்னார். அவள் முகத்தை ஏறிட்டும் பார்க்கவில்லை மனுஷன். சொந்தக் கனவு ஒன்றை எழுதி, அது உங்கள் ஆளுமையைப் பற்றி என்ன சொல்கிறது என்று விளக்குங்கள் என வீட்டில் எழுதிவர ஒப்படைப்பு வேறு கொடுத்தார்.

நாகஜோதி கனவை உள்ளபடி எழுதினாள். விளக்கம் எழுதும் இடத்தில் பேனா நின்றது. மூன்று வருஷத்தில் ஒரு நாளாவது சூடாகச் சாப்பிட்டோமா என்று யோசித்துப் பார்த்தாள். அவனைப் புரட்டி, துடைத்து, ஊட்டி, வாய் கழுவி விடுவதற்குள் தன் தட்டு ஆறிப்போகும். ஒரே வரி எழுதினாள்: அவர் சாக வேண்டும் என்று நான் ஆசைப்படவில்லை, சூடாகச் சாப்பிடத்தான் ஆசைப்பட்டேன்.

சார் அதைச் சிவப்பு மையில் கோடிட்டு, எந்தக் கொள்கை என்று குறிப்பிடவில்லை என எழுதி, ஒரு மார்க் குறைத்துத் திருப்பிக் கொடுத்தார்.

அன்று சாயங்காலம் சோறு வடித்து, ஆவியோடு தட்டில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். கனவில் கண்ட மாதிரியே கட்டில் சுவரில் சாத்தியிருந்தது.

"அன்னைக்குக் கனவுல நீங்க இல்லங்க," என்றாள் அதைப் பார்த்து. "பொய் சொல்லிட்டேன்."

அழுகை வரவில்லை. கையும் சோற்றுக்குப் போகவில்லை. ஆறிய பிறகுதான் பிசைந்து சாப்பிட்டாள்.