இடது முன்சக்கரம்

இருபது கோடி கிலோமீட்டருக்கு அப்பால், வேறொரு கிரகத்தில் ரோபோவின் இடது முன்சக்கரம் உடைந்த அன்று, அம்மா சமையலறைக்கு நொண்டிக்கொண்டு வந்தாள். வலியில்லை, வீக்கமில்லை. டாக்டர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு வேறு செருப்பு வாங்கச் சொன்னார்.

அடிபட்டால் தன் புரோகிராமைத் தானே திருத்திக்கொள்ள அந்த ரோபோவுக்குக் கற்றுக்கொடுத்தவள் அம்மா. இங்கே கேட்டால் பதில் கிடைக்க இருபத்திரண்டு நிமிடம் ஆகும், அதற்குள் பள்ளத்தில் விழுந்துவிடும். தடுமாறாமல் நகர அதைப் பழக்குவதற்காகக் காலில் சென்சாரைக் கட்டிக்கொண்டு மாதக்கணக்கில் சோபாவுக்கும் மேசைக்கும் நடந்தாள். ஆறு வயதில் நானும் அடம்பிடித்து ஒருநாள் கட்டிக்கொண்டு ஓடினேன். ரோபோ கிளம்பும்போது எங்கள் நடையின் அந்த இரண்டு பதிவுகளையும் அதிலிருந்து அழிக்க மறந்துவிட்டாள். முதலாவது அவளுடையது, அடுத்தது என்னுடையது.

பத்து வருடம் போனது. புழுதி படிந்து ரோபோவின் கண் மங்கியபோது அம்மா சுவரைத் தடவி நடந்தாள். அது மின்சாரத்தை மிச்சம்பிடிக்கப் பழகியபோது மதியமெல்லாம் தூங்கினாள். அது வேறு வழி கண்டுபிடித்ததும் எழுந்து ஆபீஸ் போனாள். நாளாக ஆக, எதைக் கேட்டாலும் இருபத்திரண்டு நிமிடம் கழித்தே பதில் சொன்னாள். கல்யாணமான புதிதில் இப்படி இருந்திருந்தால் சண்டையே வந்திருக்காது என்றார் அப்பா.

போன மாதம், ரோபோ பழசாகிவிட்டது, வெள்ளிக்கிழமை நிறுத்திவிடலாம் என்று முடிவெடுத்தார்கள். கட்டளையை அனுப்ப வேண்டியவள் அம்மா. எனக்குத் தூக்கம் போனது. முந்தின நாள் அவள் துணி மடிக்க உட்கார்ந்தபோது கேட்டேன்.

“அத நிறுத்திட்டா நீ என்னம்மா ஆவ?”

கூடைத் துணி முழுதும் மடித்து முடித்தபின் சொன்னாள்: “தெரியல கண்ணு. வழின்னு ஒண்ணு இருந்தா, என்னைக் கேக்காமயே அது கண்டுபிடிச்சுக்கும்.”

வெள்ளிக்கிழமை அம்மாவின் ஆபீஸில் கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். அம்மா பொத்தானை அழுத்தினாள். கட்டளை அங்கே போய்ச் சேரும் பதினோராவது நிமிடம் நாற்காலியில் அப்படியே உறைந்தாள். இமையும் அசையவில்லை, மூச்சும் இல்லை. கதவைத் தள்ளிக்கொண்டு ஓடினேன். மூன்றாவது எட்டில் என் இடது கால் இழுத்தது.

ரோபோ அடுத்த பதிவுக்கு மாறியிருந்தது.

அம்மா மூச்சுவிட்டாள், எழுந்தாள், பத்து வருடத்துக்குப் பிறகு நேராக நடந்து வந்தாள். அவளுக்குப் பின்னால் யாரோ நோட்டில் ‘நிறுத்தப்பட்டது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். அவள் என் காலையே பார்த்தாள்.

“வலிக்குதா?”

செருப்புக் கடையில், மூன்றாவது ஜோடியைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தபோது பதில் சொன்னேன்.

“இல்லம்மா. மணல் ஜில்லுன்னு இருக்கு.”