கம்பவுண்டர் வீட்டுப் படி

கம்பவுண்டர் தன் மகளிடம் "படி" என்று சொல்லும்போதெல்லாம் அவர் வீட்டு மாடிப்படியில் ஒரு படி கூடியது. கட்டும்போது பதினாறுதான். மேலே ஒரே அறை, அதில் மகள். சொன்னவருக்கும் கேட்டவளுக்கும் நடுவில்தான் புதுப்படி முளைக்கும். மேலே இருப்பதெல்லாம் ஒரு சாண் உயரும். கொத்தனார் தட்டிப் பார்த்து வேலை சுத்தம் என்றார். வரி போடுகிறவர் அண்ணாந்து பார்த்துவிட்டு, மாடி ஒன்றுதானே என்று எழுதிக்கொண்டு போனார். வீட்டுக்குக் காது மந்தம், சொன்னதைத் தப்பாக எடுத்துக்கொள்கிறது என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். தப்பு வீட்டின் மேல் இல்லை.

அந்த மனுஷன் இரண்டு மார்க்கில் டாக்டர் படிப்பைத் தவறவிட்டவர். இருபத்தாறு வருஷம் வேறொருவர் கிறுக்கலைப் பார்த்து மாத்திரை எடுத்துக் கொடுத்தார். விவரம் தெரியாதவர்கள் டாக்டரய்யா என்றால் மறுக்கமாட்டார். மகளுக்கோ கெட்டுப்போன மின்விசிறியைப் பிரித்துப் போட்டால் போதும், சோறு வேண்டாம். டாக்டராக ஆசையில்லை என்று அவள் சொன்ன அன்று மட்டும் ஒன்பது படி முளைத்தது.

மகளுக்கு டாக்டர் படிப்புக்கான பரீட்சை இரண்டு தடவை தவறியது. அதற்குள் படி நானூறைத் தாண்டியதாம். எண்ணியவர்களை நம்ப முடியாது, பாதியில் உட்கார்ந்துவிட்டு வந்து வாய்க்கு வந்ததைச் சொன்னவர்கள். சோறு கயிற்றில் போனது. கேள்வித்தாளும் அப்படியே, விதியில் தடை இல்லையாம். அவள் பத்துப் படி இறங்கினால் அவர் கீழேயிருந்து பத்துத் தடவை கத்துவார். மூட்டுவலிக்காரியான அம்மா மகள் முகத்தைப் பார்த்து ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது.

"ஒரே ஒரு நாள் வாயை மூடிக்கிட்டு இருங்க. எம்பொண்ணு இறங்கி வரட்டும்" என்றாள்.

"நான் சும்மா இருந்ததாலதான்டி கம்பவுண்டரா நிக்கிறேன்" என்றார் அவர்.

மூன்றாம் தடவை விடைத்தாள் கீழே வந்தபோது, அதில் பதில் இல்லை. மோட்டாருக்குச் செப்புக்கம்பி சுற்றும் படம் இருந்தது. அதைக் கையில் பிடித்துக்கொண்டு, நாலு வார்த்தை நேரில் கேட்டுவிடுவது என்று அவரே ஏறினார். மூச்சு வாங்கியதில் பேச முடியவில்லை. முதல் தடவையாகப் படி கூடாததால் மகள் மளமளவென்று இறங்கி வந்துவிட்டாள்.

"எங்க இறங்குற?"

"அம்மாகிட்ட. கை குடுங்கப்பா, சேந்து இறங்கலாம்."

ஒரு கை சுவரைப் பிடித்திருந்தது, மகளுக்குக் கை கொடுக்க வேண்டுமானால் தாளைக் கீழே போட வேண்டும். அவர் போடவில்லை. அவள் தாண்டிப் போனதும் அவள் முதுகைப் பார்த்து, "படி" என்றார். இருவருக்கும் நடுவில் ஒரு படி முளைத்தது. இந்தத் தடவை உயர்ந்தது அவர். திரும்பத் திரும்பச் சொன்னார். அவள் பொழுது சாய்வதற்குள் அம்மாவிடம் வந்து சேர்ந்தாள்.

இப்போது அவள் மோட்டார் காயில் கட்டும் கடையில் இருக்கிறாள். அம்மா அவள் கையையே தடவிக்கொண்டிருந்த நாட்கள் போய், இப்போது சாதாரணமாகத் திட்டுகிறாள். அவர் மேலே இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் அவரை அழைத்துவர மகள் ஏறுகிறாள். அவள் தலையைக் கண்டதும் அவருக்கு வாய் நிற்பதில்லை, உயர்ந்துவிடுகிறார். அவளும் சலித்துக்கொள்வதில்லை. ஏறத் தொடங்கும் நேரத்தை மட்டும் வாரத்துக்குப் பத்து நிமிஷம் முன்னால் வைத்துக்கொள்கிறாள்.