சோரன் கொடுக்காத பந்து

அமெரிக்காவில், எங்கள் மின்னசோட்டாவில் கால்பந்து என்பது பெரும்பாலும் கையால் ஆடுவது. அதில் காலால் உதைப்பதற்கென்றே வைத்திருந்த ஒரே ஆள் நான். அதனால் என்னை யாரும் ஆட்டக்காரனாகவே மதிப்பதில்லை. அது கிடக்கட்டும்.

அந்தப் பருவத்தில் எங்கள் குட்டிக் கல்லூரி ஆடிய ஆட்டத்திலெல்லாம் தோற்றது. கடைசி ஆட்டத்துக்கு வந்தபோது சோரனுக்கு மட்டும் ஓர் ஆசை பாக்கியிருந்தது: ஒரு தடவையாவது ஆட்டத்தில் பந்தைத் தொட வேண்டும். அவன் முன்வரிசைத் தடுப்பாளன். எதிரிகளை முட்டித் தள்ளுவது மட்டுமே வேலை. அவன் போட்டிருந்தது எழுபத்தொன்றாம் எண் சட்டை; அந்த எண்காரன் எறிந்த பந்தைப் பிடிக்கக் கூடாது என்பது விதி. நான்கு வருடமாக முட்டிக்கொண்டே இருந்தான். அவன் அம்மா ஆர்டிஸ் சனிக்கிழமைதோறும் உருளைக்கிழங்கும் கறியும் சுட்டு எடுத்து வந்து, "இன்னைக்காவது தொட்டியாப்பா?" என்பார். "இல்லம்மா" என்று சொல்லிவிட்டு இரண்டு தட்டு சாப்பிடுவான்.

ஆட்டம் முடியும் தறுவாயில் ஏழு புள்ளி பின்தங்கியிருந்தோம். பந்து எதிரணியின் எல்லைக்கோட்டை நெருங்கியிருந்தது. பயிற்சியாளர் வெண்டல் என் பக்கம் திரும்பினார்.

"உன் சட்டையக் கழட்டி சோரன்கிட்ட குடுடா."

"நான் எதப் போட்டுக்கறது கோச்?"

"அவனோடதப் போட்டுக்கோ. நீ சும்மாதான நிக்கற."

என் எண் ஒன்பது. அந்த எண்காரன் பந்தைப் பிடிக்கலாம். என் சட்டை சோரனின் தொப்புளுக்கு மேலேயே நின்றுவிட்டது. நவம்பர் குளிரில் வயிறு சிவந்தது. எண் மாற்றினால் நடுவரிடம் சொல்லியாக வேண்டும். அவன் சொன்னான், அவர் அதை எதிரணிக்கு உரக்க அறிவித்தார். அவர்களின் தலைவன் சிரித்தான்.

"என்ன மாப்ள, பந்து உனக்கா வருது?"

சோரனுக்குப் பொய் வராது. எங்கள் ஊர் மரியாதை வேறு.

"ஆமாங்க. தப்பா எடுத்துக்காதீங்க, இடது மூலையில நிப்பேன்."

"நம்மள முட்டாள்னு நெனச்சுட்டான்டா" என்று அவன் தன் ஆட்களையெல்லாம் வலது பக்கம் இழுத்துக்கொண்டு போனான்.

பந்து வந்தது. எல்லைக்கோட்டுக்குள் தனியாக நின்ற சோரன், கைக்குழந்தையை வாங்குவதுபோல அதை வாங்கிக்கொண்டான். ஆறு புள்ளி. இனி என் ஓர் உதை கம்பங்களுக்கு நடுவே போனால் இன்னொரு புள்ளி, ஆட்டம் சமம்.

நடுவர் கை நீட்டினார். "பந்தக் குடு தம்பி."

"மாட்டேன் சார்."

அவன் வாயிலிருந்து நாங்கள் கேட்ட முதல் 'மாட்டேன்' அதுதான்.

"குடுக்கலேன்னா தண்டனை. பதினஞ்சு கெஜம் தள்ளி உதைக்கணும்."

சோரன் என்னைப் பார்த்து, "மன்னிச்சுக்கடா" என்றான். பந்தை மட்டும் விடவில்லை.

வேறு பந்து வந்தது. முழங்கால்வரை தொங்கிய அவன் சட்டையோடு, அத்தனை தூரத்திலிருந்து உதைத்தேன். அது நேராகப் போய், மைதான ஓரத்தில் நின்ற இசைக்குழுவின் மேளத்தில் விழுந்தது. ஒரு புள்ளியில் தோற்றோம்.

எல்லாரும் என்னைத்தான் முறைத்தார்கள். ஆத்திரத்தோடு சோரனிடம் போனேன். "ஒரு பந்துக்காக ஆட்டத்தையே விட்டுட்டியேடா."

அவன் கொஞ்சம் யோசித்தான். "நீயும் இதக் கையில பிடிச்சதே இல்லல்ல?" என்று நீட்டினான். "கொஞ்ச நேரம் வெச்சுக்கோ."

வாங்கினேன். அவன் வயிற்றுச் சூடு அதில் இருந்தது. அவன் இரண்டு தடவை கேட்ட பிறகுதான் திருப்பிக் கொடுத்தேன்.