உத்தரவாதத்தில் பதினோரு நாள் பாக்கி

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு வீட்டுக் கணினி மூச்சை நிறுத்தியது. மனைவி பொத்தானை அழுத்தி அழுத்திப் பார்த்தாள். விளக்கு இல்லை, விசிறி இல்லை, ஒரு முனகல்கூட இல்லை. வியாழக்கிழமைக்குள் அவள் இருநூறு பக்கத்தை வடிவமைத்துக் கொடுக்காவிட்டால், அச்சக முதலாளி அடுத்த புத்தகத்தை வேறு ஆளிடம் கொடுத்துவிடுவார்.

கணவர் கவலைப்படவில்லை. கணினிக்குள் மின்சாரம் தரும் பவர் சப்ளை பெட்டிகளைத் தயாரிக்கும் தொழிற்சாலையில், பழுதாகித் திரும்பி வரும் பெட்டிகளைப் பரிசோதிப்பதுதான் அவர் வேலை. ஒன்பது வருடத்தில் ஒரு பெட்டிக்குக்கூட இலவச மாற்று தரச்சொல்லி எழுதியதில்லை. எதைத் திறந்தாலும் ஒரே தீர்ப்பு: 'பயனர் தவறு.' அலுவலகத்தில் அவர் முதுகுக்குப் பின்னால் தள்ளுபடியார் என்பார்கள்.

"தண்ணி கிண்ணி கொட்டினியா?" என்று ஆரம்பித்தார்.

"இல்ல."

"பிளக்கைப் பிடுங்கிப் பிடுங்கி மாட்டினியா?"

"இல்லங்க."

"அப்ப காத்தோட்டம் இல்லாம வெச்சிருப்ப."

"ஜன்னல் பக்கத்துலதான இருக்கு? ரிப்பேர் பாக்கறீங்களா, வாக்குமூலம் வாங்கறீங்களா?"

அவர் பவர் சப்ளையைக் கழற்றினார். பேப்பர் கிளிப் ஒன்றை வளைத்து, பச்சை ஒயரையும் கறுப்பு ஒயரையும் இணைத்து மின்சாரம் கொடுத்தார். விசிறி பாதிச் சுற்று சுற்றி, ஏதோ யோசித்து, நின்றுவிட்டது.

"செத்தது இதுதான்."

பில்லைத் தேடிப் பிடித்து மனைவி வருவதற்குள் அரை மணி ஆகிவிட்டது. அவருடைய தொழிற்சாலைச் சரக்கேதான். மூன்று வருட உத்தரவாதத்தில் இன்னும் பதினோரு நாள் பாக்கி.

"புதுசு கேளுங்க. உங்க கம்பெனிதான?"

அவர் காதில் விழவில்லை. உள்ளே தேங்கிய மின்சாரம் வடியட்டும் என்று அந்த அரை மணியும் காத்திருந்தவர், இப்போது மூடியைத் திறந்துகொண்டிருந்தார். திருகின் மேல் ஒட்டியிருந்த வெள்ளி முத்திரை அவர் கட்டைவிரல் நகத்தில் சுருண்டு தொங்கியது. அலுவலகத்தில் எந்தப் பெட்டி வந்தாலும் முதல் காரியம் அதைக் கீறுவதுதான். கை பழக்கத்தில் போய்விட்டது. 'முத்திரை உடைந்தால் உத்தரவாதம் இல்லை' என்று அதில் அச்சடிக்க யோசனை சொன்னவரும் அவரே.

உள்ளே மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் இரண்டு கெப்பாசிட்டர்கள் தலை வீங்கி நின்றன. அந்த மாதம் வந்த பெட்டிகளில் பாதிக்கு மேல் இதே வீக்கம்தான்.

"இதுக்கு ஆபீஸ்ல என்ன எழுதுவீங்க?" என்று மனைவி குனிந்து பார்த்தாள்.

"அதிக வெப்பம்."

"யார் தவறு?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ரெண்டே ரெண்டு கெப்பாசிட்டர். நானே மாத்திடறேன், விடு."

"உரிமையா வாங்க வேண்டியதை எதுக்கு ஒட்டுப் போடணும்? நானே நாளைக்குக் கொண்டுபோய்க் கொடுக்கறேன்."

திங்கட்கிழமை அவர் மேஜைக்கு வந்த பதினான்காவது பெட்டி அவர் வீட்டுப் பெட்டி. கூடவே தெரிந்த கையெழுத்தில் ஒரு கடிதம்: 'ஐயா, முத்திரையை உடைத்தது என் கணவர். அவர் உங்கள் பரிசோதகர். கணினியைப் பயன்படுத்துவது நான் மட்டுமே. ஆகவே இதைப் பயனர் தவறு என்று எழுத முடியாது.'

மூன்று முறை படித்தார். ஓட்டை எதுவும் கிடைக்கவில்லை. கடிதத்தை மேனேஜரிடம் நீட்டினார்.

மேனேஜர் சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரமானது. "வீட்டம்மா வக்கீலா சார்?"

"பக்கம் வடிவமைக்கறாங்க. இதை பாஸ் பண்ணிடலாமா?"

"பண்ணுங்க. அப்புறம் அதே வீக்கத்தோட அலமாரியில இருக்கே முப்பத்தொண்ணு, அதையெல்லாம் என்ன பண்ணப் போறீங்க?"

தள்ளுபடியார் இருக்கைக்குத் திரும்பினார். பேனாவை எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார். கடைசியில் வழக்கமான இரண்டு வார்த்தையைத்தான் எழுதினார். சாயங்காலம் தொழிற்சாலை வாசலில் இருக்கும் கடையில் புதிதாக ஒன்றைத் தன் செலவில் வாங்கினார். பில்லைக் கிழித்துப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தார்.

"பாஸ் ஆயிடுச்சு," என்றார்.

மாட்டியதும் கணினி உயிர் பிடித்தது. மனைவி பூரித்துப்போனாள். "பாத்தீங்களா? நியாயமா கேட்டா கிடைக்கத்தான் செய்யுது. நீங்க ஒத்துக்க மாட்டீங்கன்னு நினைச்சேன். தப்பா நினைச்சுட்டேங்க." சொன்ன கையோடு, வேலை தடைப்படாது என்று தெரிவிக்க அச்சக முதலாளியைத் தொலைபேசியில் கூப்பிட்டாள். ஒரு நிமிஷப் பேச்சு கால் மணி நேரம் நீண்டது.

திரும்பி வந்தபோது அவள் முகத்தில் பெருமை தாங்கவில்லை.

"அவர் அச்சகத்துலயும் உங்க கம்பெனி பெட்டி ஆறு செத்துக் கிடக்காம். கேட்டா தர மாட்டாங்கன்னு மூலையில போட்டு வெச்சிருக்கார் மனுஷன். என் வீட்டுக்காரர்தான் பாக்கறார், சொந்த ஆபீஸ்னுகூடப் பாக்காம நியாயத்தை எழுதுவார்னு சொல்லிட்டேன். நாளைக்குக் காலையில நேரா உங்க மேஜைக்கே அனுப்பறாராம்."

"ஆறா?"

"இப்போதைக்கு ஆறு. அவர் தம்பிகிட்டயும் கேட்டுச் சொல்றேன்னார்."