அடைக்கட்டை

தெல்தோட்டை ஏற்றத்தில் டீசல் கெப் வண்டி முக்கி முனகி ஏறிக்கொண்டிருந்தது. பின்னால் கொளுவிய ட்ரெய்லர் நிறையக் கோழி எரு மூட்டைகள். அதற்கும் பின்னால், பலாமரத்து அடைக்கட்டையைத் தூக்கிக்கொண்டு ஜெயராணி நடந்தாள். ஒரு ஹோன் அடித்தால் சக்கரத்துக்குக் கட்டை போட வேண்டும். இரண்டு அடித்தால் எடுக்க வேண்டும். வீட்டில் பேசாத பேச்சையெல்லாம் அவள் புருஷன் சுந்தரலிங்கம் ரோட்டில் ஹோனாலேயே பேசித் தீர்ப்பான்.

வண்டி முதலாளியுடையது, சம்பளம் டிரைவருக்கு மட்டும். கட்டை போடுகிறவள் பெண்டாட்டிதானே, சும்மா கூட வருகிறாள் என்பது முதலாளியின் எண்ணம்.

மூட்டைகள் வழக்கமான அளவுதான். ஆனால் இரவு மழையில் ஊறிக் கல்லாய்க் கனத்தன. மூடப் படங்கு கேட்டபோது முதலாளி, "எரு நனைஞ்சா செடி கோவிச்சுக்குமா?" என்று சிரித்திருந்தார்.

கடைசி வளைவுக்கு முன் சுந்தரலிங்கம் வண்டியை நிறுத்தித் தலையை நீட்டினான். "பாதிய இங்க எறக்கிட்டு அப்பறம் வருவோமா புள்ள?"

"ரெண்டாவது நடைக்கு டீசல் ஒங்க சம்பளத்துலதான் புடிப்பாரு. ஏத்துங்க, நான் இருக்கேன்ல."

வளைவின் நடுவில் இன்ஜின் நின்றது. பாரம் பின்னுக்கு இழுக்க, பிரேக் தாங்கவில்லை. ஹோன் அலறியது. ஜெயராணி மண்டியிட்டுக் கட்டையைச் செருகினாள். அது படக்கென்று வெடித்தது, ஆனாலும் சக்கரம் நின்றுவிட்டது. கீழே தேயிலைச் சரிவு கிடுகிடுவென்று இறங்கியது.

"கையி இருக்கா?" என்றான் அவன், தலையை வெளியே நீட்டி.

"ரெண்டும் இருக்கு. இந்த நாத்தத்துல மூக்குதான் போச்சு. எடுங்க வண்டிய."

அவனுடைய வெளிறிய முகத்தைப் பார்க்க அவளுக்குப் பாசம் பொத்துக்கொண்டு வந்தது. சிரிப்பும் வந்தது.

மேலே மரக்கறித் தோட்டத்தில் முதலாளி காத்திருந்தார். கெப்பைச் சுற்றி வந்து பொனட்டைத் தட்டிக்கொடுத்தார். "நல்ல இழுவ. நாளைக்கு இன்னுங் கொஞ்சம் ஏத்தலாம் சுந்தரம்."

உள்ளேயிருந்து டிரைவருக்கென்று பால் விடாத பிளேன்டி ஒரு கிளாஸ் வந்தது. சுந்தரலிங்கம் அதில் வாய் வைக்காமல் ஜெயராணியிடம் கொண்டுபோனான்.

"வச்சிட்டுப் போங்க," என்றாள் அவள். எரு மூட்டையின் கயிற்றை அவிழ்த்து, வெடித்த கட்டையைக் காலால் மிதித்துக்கொண்டு, நாளைய பாரத்துக்காக அந்தக் கயிற்றை அதன்மேல் இறுக்கிச் சுற்றிக்கொண்டிருந்தாள்.