மூடி போட்ட டப்பா

"டப்பாவுல மட்டும் கை வெச்சிராதீங்க தம்பி" என்றார் நர்ஸம்மா, கம்ப்யூட்டர் ரிப்பேருக்குப் போன நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவதற்குள். கம்ப்யூட்டர் பெட்டியைப் பாதிப் பேர் டப்பா என்றுதான் சொல்வார்கள். முன்பு எவனோ வந்து பிரித்துப் போட்டுப் பாழாக்கியிருப்பான், சூடு கண்ட பூனை என்று நினைத்துக்கொண்டேன்.

"ஸ்க்ரூ டிரைவரையே வெளிய எடுக்க மாட்டேம்மா."

நிம்மதியாகச் சிரித்தார்.

மெயில் புரோகிராமைத் திறந்தால் ஹேங் ஆகி நின்றுவிடுகிறது, ஒரு வாரமாக இதே கூத்து. கப்பலில் வேலை பார்த்த அவருடைய தம்பி பதினொரு வருடமாக எழுதியதெல்லாம் அதற்குள் இருந்தது. தம்பி இறந்து எட்டு மாதம் ஆகிறதாம். "போன்ல ரெண்டு வார்த்தைக்கு மேல வராது அவனுக்கு. எழுத உக்காந்தா மட்டும் வாய் ஓயாது. தினம் ஒண்ணு எடுத்துப் படிச்சாத்தான் எனக்குப் பொழுது நகரும்" என்று சொல்லிவிட்டு டீ போடப் போனார்.

மூன்று முறை முயன்று, வேறு வழியாக உள்ளே போனேன். இன்பாக்ஸில் அறுநூறு கடிதங்கள் இருந்தன. தம்பியுடையதும் அதில்தான் இருக்கும் என்று நானே முடிவு கட்டினேன். எரேஸ் செய்தவை போய்ச் சேரும் இடத்தில் நாலாயிரம், படங்களோடு ஊதிப்போய்க் கிடந்தன. திருடன் அகப்பட்டான். நிரந்தரமாக அழிக்கவா என்று கேட்டது, ஆம் என்றேன். ஒரு நாளைக்கு இருபது முறை ஆம் சொல்கிற விரல் இது. கையோடு மெயில் ஃபைலையும் சுருக்கி, அழித்தவை இருந்த இடத்தையும் காலி செய்துவிட்டேன். அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள்.

டீயைக் கொண்டுவந்து வைத்தவர், "அடேயப்பா, கண்ண மூடித் திறக்கறதுக்குள்ள வந்துருச்சே!" என்று கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். மௌஸ் நேராகக் கீழே இறங்கி, மூடி போட்ட குப்பைத் தொட்டிப் படத்தின் மேல் நின்றது. அமுக்கினார்.

"தம்பி... டப்பா காலியா இருக்கே?"

மௌஸை வாங்கி நானும் அதையே அமுக்கிப் பார்த்தேன்.

"படிச்சு முடிச்சதும் இதுலதான் போட்டு வைப்பேன். வார்டுலகூட முக்கியமானத மூடி போட்ட டப்பாவுலதான வைப்போம்."

அதற்குமேல் இரண்டு மணி நேரம் என்னென்னவோ செய்து பார்த்தேன். இந்தப் புரோகிராம் கடிதத்தை இறக்கியதும் வெளியே சர்வரில் இருக்கும் பிரதியை அழித்துவிடும் ரகம். மீட்டெடுக்கும் மென்பொருள் தோண்டித் துருவிக் கொடுத்தது ஒரு படத்தின் மேல்பாதி. அதில் வெறும் வானம்.

"ஏதாவது வழி இருக்கா?"

பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் பார்த்தேன். வாய் வரவில்லை. "இல்லம்மா. நான்தான் கேட்டிருக்கணும்."

"நானும் வெளங்கச் சொல்லல" என்றார். திட்டியிருந்தால் தேவலை. டீ ஆடை கட்டிப் போயிருந்தது. அதையும் குடித்துவிட்டுப் போகச் சொன்னார், குடித்தேன்.

வாசலில் செருப்பை மாட்டும்போது திரும்பிப் பார்த்தேன். அவர் திரையின் முன்னாலேயே உட்கார்ந்து, மெயில் வந்திருக்கிறதா என்று பார்க்கும் பட்டனை அமுக்கினார். புதிய கடிதம் இல்லை என்று உடனே வந்தது. மறுபடி அமுக்கினார். இம்மியும் தாமதிக்காமல் அதே பதில் மறுபடி வந்தது.